ஹொனாமியின் ஃப்ரீசர் வாரம்

திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு ஹொனாமி குஷிதா மூன்றாம் மாடி ஆய்வகத்தைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். குழாய் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் தண்ணீர் பழுப்பாக இருப்பதையும், கரையில் ஒதுங்கி நாலு நாள் வெயிலில் கிடந்த கடற்பாசியின் வாடை அறை முழுக்க அடிப்பதையும் கவனித்தாள். அதற்கு மேல் குழாயைப் பற்றி அவள் நினைக்கவில்லை.

மூலையில் நின்ற பெரிய ஃப்ரீசரின் கதவு இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. மைனஸ் எண்பது டிகிரியில் இருக்க வேண்டிய பெட்டி. மோட்டார் ஓடி ஓடி ஓய்ந்துபோய் நின்றிருந்தது. திரையில் பதினொன்று என்று காட்டியது. மைனஸ் எல்லாம் இல்லை, வெறும் பதினொன்று. உள்ளே அவளுடைய மூன்று வருட உழைப்பு இருந்தது. மெல்போர்ன் வளைகுடாவில் படகில் போய், குளிரில் பல் கிடுகிடுக்க முங்கி, கத்தியால் அறுத்து எடுத்து வந்த கடற்பாசித் துண்டுகள், அறுநூற்றுப் பன்னிரண்டு குப்பிகளில். போனால் போகிறது, இன்னொரு தடவை முங்கி எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அந்தப் பாசிக்காடு இப்போது அங்கே இல்லை. கடல் முள்ளெலிகள் மேய்ந்து மொட்டையடித்துவிட்டன. அவை மேய்வதற்கு முன்னால் கடைசியாக எடுத்தவை என்பதுதான் ஹொனாமியின் ஆராய்ச்சிக்கு இருந்த ஒரே மவுசு.

கதவு ஏன் மூடவில்லை என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணர் யாரும் தேவையில்லை. முன்தட்டில் ஒரு நீல அட்டைப்பெட்டி துருத்திக்கொண்டு நின்றது. ப்ரோடியின் பெட்டி. மேலே அவனுடைய கோணல் கையெழுத்தில் சனிக்கிழமைத் தேதி, மை பாதி கரைந்து வழிந்திருந்தது. ப்ரோடி அவளோடு படிக்கிறவன், பக்கத்து மேஜை. சனிக்கிழமைகளில் ஃபுட்டி என்கிற அந்த ஊர்க் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிற வழியில் ஆய்வகத்துக்குள் ஓடிவந்து, எதையாவது ஃப்ரீசருக்குள் திணித்துவிட்டு, வீட்டு ஃபிரிட்ஜை மூடுகிற மாதிரி கதவை இடுப்பால் ஒரு இடி இடித்துவிட்டு ஓடுவான். இந்தக் கதவு அதற்கெல்லாம் மசியாது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே அழுத்த வேண்டும், 'டக்' என்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஹொனாமி அழுத்தியபோது கேட்டது. கதவில் ஒட்டியிருந்த தாளில் மைனஸ் எண்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் போனாள். அந்த வாரம் ஃப்ரீசரைப் பார்த்துக்கொள்கிற முறை அவளுடையது. ஒரு முறை என்பது திங்களிலிருந்து ஞாயிறு வரை.

இதற்கு அடுத்து அவள் செய்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது. அந்த நீலப் பெட்டியை எடுத்தாள். கைக்குட்டையால் துடைத்தாள். ப்ரோடியின் தட்டில், அது இருக்க வேண்டிய இடத்தில், ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். கதவை 'டக்' என்று மூடினாள். பிறகு துடைப்பான் எடுத்துவந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அவளைக் கேட்டால் அதில் யோசிக்க ஒன்றுமே இல்லை என்பாள். ஒருவன் செய்த பிழையைப் பத்துப் பேர் வந்து பார்க்கும்படி அப்படியே விட்டுவைப்பது, செய்தவனைவிட விட்டுவைத்தவனுக்குத்தான் அசிங்கம். அவனுக்கே தெரியும். அவனே வந்து சொல்வான். சொல்வதற்கு அவனுக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும்.

அந்த இடத்தை விடுவதற்கு ஒரு வழிமுறையும் இருந்தது. ஜப்பானில், செண்டாய் நகரத்தில் அவள் முதுகலை படித்த ஆய்வகத்தில் ஒருமுறை சூடேற்றும் பெட்டி ஒன்று கருகிப்போனது. கருகவிட்டவன் வேறு யாரோ. அந்த வாரத்து முறைக்காரன் குரோசு என்றொரு பையன். குரோசுதான் அன்றைக்கே வருத்தக் கடிதம் எழுதி எல்லோருக்கும் கொடுத்தான், எல்லாம் என் கவனக்குறைவு என்று. பேராசிரியர் உடனே, "இல்லப்பா, பழைய பெட்டிய மாத்தாம வச்சிருந்தது என் தப்பு" என்றார். அடுத்தவன், "ராத்திரி சத்தம் கேட்டுது, நான் போய்ப் பாக்கல, என் தப்பு" என்றான். சாயங்காலத்துக்குள் நிஜமான ஆள் முகம் சிவக்க வந்து குனிந்து நின்றான். ராத்திரி எல்லோரும் போய் பீர் குடித்தார்கள். முடிந்தது கதை. அந்தக் கடிதத்தில் வரக்கூடாத சொல் ஒன்றே ஒன்று, 'ஆனால்'. அது வந்துவிட்டால் கடிதம் வக்கீல் நோட்டீஸ் ஆகிவிடும்.

எனவே ஹொனாமி ஈரக் காலுறையோடு உட்கார்ந்து எழுதினாள். ஆங்கிலத்தில், நாலு தடவை திருத்தி, 'ஆனால்' இல்லாமல். "என் முறை வாரத்தில் ஃப்ரீசரின் கதவு திறந்து கிடந்து அனைவருடைய மாதிரிகளும் அழிந்தன. சனி, ஞாயிறு நான் வந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. இது முழுக்க என் கவனக்குறைவால் நேர்ந்தது. உங்கள் எல்லோருக்கும் நான் ஏற்படுத்திய நஷ்டத்தை எப்படி ஈடு செய்வேன் என்று தெரியவில்லை." ஆய்வகத்தின் பதினொரு பேருக்கும் அனுப்பினாள். பதினொரு பேரில் அவளளவுக்கு நஷ்டப்பட்டவர் ஒருவரும் இல்லை என்பதை அதில் எங்கேயும் எழுதவில்லை. அதை எழுதினால் நன்றாகவா இருக்கும்?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் நாலு தடவை இலக்கணம் பார்த்துக் கெட்டது.

முதல் பதில் பேராசிரியர் க்ளெண்டாவிடமிருந்து வந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிடு என்று முதல் நாளே சொன்னவர் அவர். ஹொனாமிக்கு வாய் வரவில்லை, மூன்றரை வருடமாக 'அது வந்து...' என்றுதான் அவரிடம் பேச்சை ஆரம்பிக்கிறாள். "ஒப்புக்கொண்டதற்கு நன்றி. இதற்குத் தைரியம் வேண்டும்," என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். 'இல்லை இல்லை, என் தப்பு' என்று ஒரு வரி இல்லை. சொல்லியிருந்தால் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஃப்ரீசரின் அபாய மணி எட்டு மாதமாகச் செத்துக் கிடந்தது. கதவு திறந்தால் அது போன் செய்ய வேண்டிய எண், ஓய்வு பெற்றுக் குயின்ஸ்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போய்விட்ட ஒரு டெக்னீஷியனுடையது. க்ளெண்டாவுக்கு அது தெரியும். விசாரணை என்று வந்திருந்தால் வெளியே வந்திருக்கும். கடிதமே வந்துவிட்ட பிறகு எதற்கு விசாரணை? மதியத்துக்குள் கெட்டுப்போன பெட்டிகளையெல்லாம் மஞ்சள் பைகளில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள், நீலப் பெட்டியையும் சேர்த்து.

மூன்று மணிக்கு ப்ரோடி வந்தான். வந்துவிட்டான் என்று ஹொனாமி எழுந்து நின்றாள். அவன் கையில் காகித உறையில் சுடச்சுட ஒரு 'மீட் பை', கறி அடைத்துச் சுட்ட அப்பம், இருந்தது.

"ஹொனா, உன் மெயில படிச்சேன். மனசே சரியில்ல," என்றான். "என்னோடதும் போச்சுதான். அதுக்காக உன்மேல எனக்கு ஒரு துளி கோவம் கிடையாது. சத்தியமா. யாருக்கு வேணா நடக்கும்."

ஹொனாமி அவன் முகத்தையே பார்த்தாள். அதற்கு அடுத்த வாக்கியம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"நீங்க சனிக்கிழமை வந்தீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வந்தேனே. ரெண்டு நிமிஷம். ஆட்டத்துக்கு வேற லேட்டு. போயும் தோத்துத் தொலச்சானுங்க. ஏன், கதவு அப்பவே லொடலொடன்னு இருந்துச்சான்னு கேக்குறியா? நான் கவனிக்கல. கவனிச்சிருந்தா உனக்குப் போன் போட்டிருக்க மாட்டேனா?"

அவன் பொய் சொல்லவில்லை. வினையே அதுதான். தான் கதவை மூடியதாகவே அவன் நம்பினான். இடுப்பால் இடித்ததெல்லாம் அவன் அகராதியில் மூடியதுதான். சின்ன சந்தேகம் எங்காவது இருந்திருந்தாலும் அவள் கடிதம் அதைக் கழுவித் துடைத்துவிட்டது.

"சாப்பிடு, ஆறிடும்," என்றான் ப்ரோடி. "நீ காலைலேந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட. எனக்குத் தெரியும் உன்ன."

தன் மூன்று வருடத்தை அழித்தவன் தன்னை மன்னித்துவிட்டு வாங்கிக் கொடுத்த அப்பத்தை ஹொனாமி நின்றுகொண்டே தின்றாள். ரொம்ப நன்றி என்றாள்.

அன்று மாலை சொந்த ஊரான இஷினோமாக்கியிலிருந்து அம்மா போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஒழுங்கா மன்னிப்புக் கேட்டியா?"

"கேட்டேம்மா. எழுதியே குடுத்துட்டேன்."

"அப்பாடா. அப்போ சரியாயிடும். சும்மா மனசப் போட்டுக் குழப்பிக்காத."

ஒரு வாரம் போனது. ரெண்டு வாரம் போனது. ப்ரோடி தினமும் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தான், தினமும் அவளிடம் அன்பாக இருந்தான். மற்றவர்களும் அன்பாகத்தான் இருந்தார்கள், அவள் வந்தால் பேச்சை மாற்றுகிற அன்பு. ஃப்ரீசர் முறைப் பட்டியலில் அவள் பேரை யாரோ அடித்திருந்தார்கள். உனக்கு எதுக்கு இந்தத் தொல்லை என்று கரிசனமாகச் சொன்னார்கள்.

மாதிரி இழந்தவர்கள் எல்லோரும் படிப்புக்காலத்தை நீட்டச் சொல்லி விண்ணப்பம் போட்டார்கள். ஹொனாமியும் போட்டாள். அவளுக்கு அது வாழ்வா சாவா என்கிற விஷயம். உதவித்தொகையும் விசாவும் ஆகஸ்டோடு முடிகின்றன. புதிதாக வேறொரு பாசித்திட்டில் மாதிரி எடுத்து ஆய்வேட்டை வேறு விதமாக எழுத எட்டு மாதமாவது வேண்டும். கிடைத்தால் முனைவர் பட்டம், ஊரில் கடல் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்காகக் காலியாக வைத்திருக்கிற வேலை. கிடைக்காவிட்டால் முப்பத்தொரு வயதில் வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

முடிவுகள் ஒரே நாளில் வந்தன. ப்ரோடிக்கு ஆறு மாதம். காரணம்: மாணவரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டு, வேறொருவரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு. இணைப்பு: ஹொனாமி குஷிதாவின் கடிதம். ஹொனாமிக்கு நிராகரிப்பு. காரணம்: மாணவரின் சொந்தக் கவனக்குறைவு. இணைப்பு: அதே கடிதம். பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று அடியில் ஒரு வரி இருந்தது.

"சொந்த செலவுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதான்டி," என்றாள் சயோகோ. அவள் ஹொனாமியோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தவள், ஒசாகாக்காரி, ராமென் நூடுல்ஸ் கடை ஒன்றில் சமையல். ஒசாகாக்காரர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஜப்பான் முழுக்கப் பேர். சயோகோ அந்தப் பேரைக் காப்பாற்றி வந்தாள். சமையலறையில் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

"சயோகோ-சான், நீங்களா இருந்தா எழுதியிருக்க மாட்டீங்களா?" என்று மரியாதைக்கு 'சான்' சேர்த்துக் கேட்டாள் ஹொனாமி.

"எழுதியிருப்பேன். யார்ட்ட? ஜப்பான்காரன்ட்ட. இங்க மன்னிப்புக் கேட்டா, 'இல்லீங்க நான்தான்'னு எவன் வரப்போறான்? 'சரி, கையெழுத்துப் போடு'ன்னுதான் வருவான். பதினோரு வருஷமா இருக்கேன், போன மாசம் என் சைக்கிள்ள ஒருத்தன் கார கொண்டாந்து முட்டினான், நான் சாரின்னேன். இன்ஷூரன்ஸ்காரன் அத எழுதிக்கிட்டுப் போய்ட்டான்."

"நீங்களும் சொல்லிட்டீங்கல்ல."

"வாய்ல வந்துடுச்சு, என்ன பண்ண? அதுக்காக மெயில்லயா அனுப்பினேன், பதினோரு பேருக்கு?" கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க பாரு. மேல்முறையீட்டுல போய் உண்மையச் சொல்லு. நான் மூடினேன், ப்ரோடி தொறந்து போட்டான். ரெண்டே வரி. எங்க, சொல்லு பாக்கலாம்."

"நான் மூடினேன்... அதுக்கப்புறம் ஒருவேளை..."

"ஒருவேளை இல்ல."

"நான் மூடினேன். ப்ரோடி..." என்றாள் ஹொனாமி. நிறுத்தினாள். "அவர் ரொம்ப நல்லவர், சயோகோ-சான்."

"நல்லவன்தான். யார் இல்லன்னா? அந்த நல்லவனால நீ ஊருக்கு மூட்ட கட்டப் போற."

மூன்று நாள் அந்தச் சமையலறையில் ஒத்திகை நடந்தது. மூன்றாம் நாள் ஹொனாமி இரண்டு வரியையும் தடுமாறாமல் சொன்னாள். சயோகோவின் முகத்தைப் பார்த்து இல்லை, ஃபிரிட்ஜைப் பார்த்து.

நடுவில் க்ளெண்டாவிடமும் போனாள். "அது வந்து... வெள்ளிக்கிழமை கதவ நான் சரியாத்தான் மூடினேன்," என்றாள்.

க்ளெண்டா கண்ணாடியைக் கழற்றினார். கெட்ட மனுஷி இல்லை, களைத்த மனுஷி. "ஹொனாமி, நான் உன் பக்கம்தான். அதனால சொல்றேன். நீ எழுதினத பாத்து எல்லாரும் உன்மேல மரியாதை வச்சிருக்காங்க. இப்போ போய்க் கதைய மாத்தினா அதுவும் போயிடும். வருத்தப்படறேன், படிப்ப முடிக்க ஒரு வாய்ப்புக் குடுங்கன்னு கேளு. அதுதான் எடுபடும்."

அபாய மணியைப் பற்றிக் கேட்க ஹொனாமி நினைத்திருந்தாள். கேட்டால் அவரைக் குற்றம் சொல்கிற மாதிரி இருக்குமே என்று கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

மேல்முறையீட்டுக்கு வருகிற மாணவர் துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம் என்பது விதி. சயோகோவைக் கூட்டிப்போகத்தான் எண்ணம். அந்தப் படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டு ஹொனாமி தேநீர் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது ப்ரோடி அதைப் படித்துக்கொண்டிருந்தான்.

"துணைக்கு யாரு வரா? நான் வரேன்."

"இல்ல, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"சிரமம் என்ன சிரமம். புதன்கிழமைதானே? எனக்கு வேலையில்ல."

"அது கொஞ்சம்..." என்றாள் ஹொனாமி. 'அது கொஞ்சம்' என்று இழுத்தால் ஜப்பானில் எதிராளி சட்டென்று பின்வாங்கிவிடுவார், வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பலமாகச் சொல்ல அங்கே யாருக்கும் தேவைப்படுவதில்லை. ப்ரோடி அவள் பேனாவையே எடுத்துப் படிவத்தில் தன் பேரை எழுதிவிட்டான். "பாதிக்கப்பட்டவனே உனக்காக வந்து பேசினா எவ்வளவு வெயிட்டு, யோசிச்சுப் பாரு," என்றான். அவன் கண்ணில் உண்மையான அன்பு இருந்தது. அவளால் படிவத்தைக் கிழிக்க முடியவில்லை.

அன்றிரவு சயோகோ தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி. திருடனையே வக்கீலா வச்சிருக்கியே."

"அவர் திருடன் இல்ல. அவருக்குத் தெரியாது."

"அதான்டி கஷ்டமே."

புதன்கிழமை. கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு சின்ன அறை, நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் நரைத்த குட்டை முடியோடு குழுத் தலைவி, ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு பெண். இந்தப் பக்கம் ஹொனாமியும் ப்ரோடியும். ப்ரோடி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வந்திருந்தான். அவன் அப்படி வந்து அவள் பார்த்ததே இல்லை. தன் கையை அவள் நாற்காலியின் முதுகில் ஆதரவாகப் போட்டுக்கொண்டான்.

"அவசரமே இல்ல, ஹொனாமி. உங்க வார்த்தைல சொல்லுங்க," என்றார் தலைவி.

"நான் முதல்ல ஒண்ணு சொல்லலாமா?" என்றான் ப்ரோடி. சொன்னான். "என் சாம்பிளும் அந்த ஃப்ரீசர்லதான் போச்சு. ஆனா இந்த டிபார்ட்மென்ட்ல வேற எவனாவது இப்படித் தானா முன்னாடி வந்து எழுதிக் குடுப்பானா? நானே பண்ணியிருந்தாகூட ஒத்துட்டிருப்பேனான்னு தெரியல. நேர்மைக்குத் தண்டனை குடுத்தா அடுத்த தடவ எல்லாரும் வாய மூடிட்டுத்தான் இருப்பாங்க. அவளுக்கு டைம் குடுங்க. அவ்ளோதான்."

நன்றாகப் பேசினான். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் தலையாட்டக்கூடச் செய்தார். ஹொனாமிக்கு அந்த நிமிஷமே எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவன் பேசப் பேச அவளுடைய குற்றம் கல்வெட்டாகிக்கொண்டிருந்தது. க்ளெண்டா சொன்னதுபோல வருந்திக் கேட்டுவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு ஆகஸ்டு நினைவுக்கு வந்தது. சமையலறை ஃபிரிட்ஜ் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை கதவ நான் மூடினேன்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. "சனிக்கிழமை ஒரு பெட்டி உள்ள வந்துது. அது கதவ மூட விடல."

"யாரோட பெட்டி?"

மேஜையின் விளிம்பைப் பார்த்தாள். "ப்ரோடியோட பெட்டி."

நாற்காலியின் முதுகிலிருந்து கை விலகியது.

தலைவி காகிதங்களைப் புரட்டினார். "பெட்டிகளக் குப்பைக்கு அனுப்பினப்போ எழுதின பட்டியல் இது. எல்லாப் பெட்டியும் அது அது தட்டுல சரியா இருந்ததாத்தானே இதுல இருக்கு?"

"முன்தட்டுல துருத்திக்கிட்டு இருந்துது. நான்தான் எடுத்து உள்ள வச்சேன்."

"ஏன்?"

"அவர் சங்கடப்படக் கூடாதுன்னு."

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். அவர் சங்கடப்படக் கூடாது என்று பெட்டியை ஒளித்தவள் இன்று அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே அதைச் சொல்கிறாள். கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று ஹொனாமிக்குப் புரியாமல் இல்லை.

"இது எதுவும் உங்க கடிதத்துல இல்லையே?"

"அதுல எழுதக் கூடாது."

"எழுதக் கூடாதுன்னு யார் சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. காற்று எப்படி வீச வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஊமை கண்ட கனவை எப்படிச் சொல்வது?

"யாராவது கட்டாயப்படுத்தி எழுதச் சொன்னாங்களா?" தலைவி தணிந்த குரலில் கேட்டார்.

"இல்ல."

"கடிதத்துல இருக்கறது பொய்யா?"

ஹொனாமி யோசித்தாள். முறை வாரம் அவளுடையது. சனி ஞாயிறு அவள் வந்து பார்க்கவில்லை. அதில் பொய்யென்று ஒரு சொல்லும் இல்லை. "பொய் இல்ல."

"அப்போ இப்ப சொல்றது?"

"இதுவும் பொய் இல்ல."

தலைவி எதையோ குறித்துக்கொண்டார். அப்போதுதான் ஹொனாமி ப்ரோடியின் பக்கம் திரும்பினாள். அவன் முகம் காது மடல் வரை சிவந்திருந்தது. கோபமாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவனுக்கு வந்திருந்தது கோபம் இல்லை.

"நான் மூடினேன், ஹொனா," என்றான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ என்னப் போய்..." மேலே பேச முடியாமல் மேஜைக்கு அந்தப் பக்கம் திரும்பினான். "இவ ரொம்ப அழுத்தத்துல இருக்கா. சரியாத் தூங்கிப் பல வாரம் ஆச்சு. இப்ப சொன்னத அவளுக்கு எதிரா எடுத்துக்காதீங்க, ப்ளீஸ்." குரல் உடைந்தது. கண் கலங்கிவிட்டது.

அவள் வாய்ச்சொல்லால் ஒரு மனிதன் மூன்று அந்நியர்கள் முன்னால் கலங்கி உட்கார்ந்திருக்கிறான். அதற்கு மேல் நடந்ததில் ஹொனாமியின் யோசனைக்கு இடமே இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். கைகளைத் தொடையோடு சேர்த்துக்கொண்டு இடுப்பிலிருந்து குனிந்தாள்.

"என்னால உங்களுக்குப் பெரிய சங்கடம். மன்னிச்சிடுங்க."

எதிராளி ஏதாவது சொல்லும்வரை நிமிரக்கூடாது. அவள் தரைவிரிப்பின் சாம்பல் கோடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "பரவால்ல, பரவால்ல, விடு," என்றான் ப்ரோடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அவள் தலைக்கு மேல் குழுத் தலைவியின் குரல் கேட்டது, ரொம்பவும் கனிவாக. "ப்ரோடியப் பத்திச் சொன்னத திரும்ப எடுத்துக்கறீங்கன்னு வச்சுக்கலாமா, ஹொனாமி?"

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். குனிந்த நிலையில் அதைச் சொல்வது முறையில்லை. நிமிர்ந்து சொல்லலாம் என்று நிமிர்ந்தபோது தட்டச்சுப் பெண் அடித்து முடித்திருந்தாள். தலைவி காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ப்ரோடி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. "மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. எனினும், தன் தவறைத் தானே முன்வந்து எழுத்தில் ஒப்புக்கொண்டதுடன், சக மாணவர்மீது கூறியதைத் திரும்பப் பெற்று நேரில் வருத்தமும் தெரிவித்த மாணவியின் நேர்மையைக் குழு மனமாரப் பாராட்டுகிறது."

ஹொனாமி அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை அவளுக்குக் கோபம் வந்தது. இந்த ஊருக்கு வந்த மூன்றரை வருடத்தில் முதல் தடவையாக வந்தது. யார்மேல் அதைக் காட்டுவது என்று தேடினாள். ப்ரோடிமேல் முடியாது. க்ளெண்டாமேலும் முடியாது. அந்தத் தலைவி கேட்ட கேள்வி எதிலும் தப்பில்லை. சுற்றிச் சுற்றி வந்து கோபம் அவளிடமே நின்றது, அங்கே ஏற்கெனவே இடமில்லை. வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கணினிமுன் உட்கார்ந்தாள். பாராட்டியிருக்கிறார்கள், பதில் போடாமல் இருப்பது முறையில்லை. "தங்கள் கடிதத்துக்கு மிக்க நன்றி," என்று எழுதினாள். அதற்கு அடுத்த வரி என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், மன்னிப்புக் கேட்டு இத்தனை வருடமாக எழுதி வருகிற வரிதான். கை மட்டும் எழுத மறுத்தது. சயோகோ வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டபோதும் திரையில் அந்த ஒரு வரிதான் இருந்தது.